நான் ஜெயிக்கலீங்க

அன்றைக்கு அந்த மண்டபத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் ஒருத்தரும் "நான் அங்கே இல்லவே இல்லைங்களே" என்று சொல்லிவிடக் கூடாது. மேடைமேல் நடுவில் கேன்சர் விழிப்புணர்வுச் சங்கத்துத் தலைவியம்மா. அவருக்கு ஒரு பக்கம் பணம் கொடுக்க ஒத்துக்கொண்ட ஜவுளிக்கடை முதலாளி. இன்னொரு பக்கம் பேச வந்த டாக்டர் ஒருத்தர். மைக் பிடித்த ஒரு பெண். போட்டோ எடுக்கிறவர். "வென்று காட்டியவர்கள்" என்று பின்னால் துணியில் எழுதியிருந்த வரிசையில் நான்கு பெண்கள். அதில் கடைசி நாற்காலியில் அக்கா. கீழே முன்வரிசை ஓரத்தில் அக்காவின் வீட்டுக்காரர், பக்கத்தில் நான். எங்களுக்குப் பின்னால் ரோஸ் கலர் பனியன் போட்ட காலேஜ் பிள்ளைகள், மண்டபம் கொள்ளாமல். ஆர்.எஸ்.புரத்தில் அந்த மண்டபத்தில் எப்போதும் கல்யாணம்தான் நடக்கும். அன்றைக்கு வாழைமரம் கட்டுகிற இடத்தில் ரோஸ் பலூன் கட்டியிருந்தார்கள்.

அக்காவின் பேரை எழுதவில்லை. எழுதினால் அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார், எழுதாமல் விட்டால்தான் "ஏன் கண்ணு, எனக்குப் பேரு இல்லியா?" என்று கேட்பார். ஆனால் அவர் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் இன்னும் அதே தெருவில்தான் குடியிருக்கிறார். அவர் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கணபதிப் பக்கம் ஒரு மோட்டார் பட்டறையில் அக்காவும் நானும் வயர் சுற்றும் வேலை. பம்பு மோட்டாருக்குள் காப்பர் வயரைச் சுருள் சுருளாக இறக்கிக் கட்ட வேண்டும். பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். அக்கா என்னைவிட மூத்தவர். எனக்கு வேலை பழக்கியவர் வேறொருத்தர். அக்கா பழக்கியதெல்லாம் திட்டுவதைத்தான், அதுவும் எனக்கு வரவில்லை.

எங்கள் ஊரில் நாயை விரட்டுவதற்குக்கூட "போங்க" சேர்ப்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அக்காவுக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த "ங்க" விட்டுப்போனதில்லை. கோபம் ஏற ஏற மரியாதையும் கூடும். அக்கா ஒருத்தரை வரிக்கு மூன்று "ங்க" போட்டுப் பேசினால் அந்த ஆள் அன்றைக்குத் தொலைந்தார் என்று அர்த்தம்.

மார்பில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த புதிதில் பார்க்க வந்த சொந்தபந்த ஒறம்பரைக்காரர்களில் ஒரு பெரியம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்ப்பதும் கீழே பார்ப்பதுமாக இருந்தார். நான் சமையல் கட்டில் காப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். அக்காவின் குரல் கேட்டது.

"ஏனுங்க பெரியம்மா, எது இருக்குது, எது இல்லீன்னு பாக்கறீங்களா? இடது பக்கம் இல்லீங்க. எடுத்துப்போட்டாங்க. வலது பக்கம் இருக்குதுங்க. பாத்தாச்சுங்களா? இனி மொகத்தைப் பாத்துப் பேசறீங்களா? காப்பிக்குச் சக்கரை போடறதுங்களா, வேண்டாங்களா?"

பெரியம்மா காப்பியைச் சூடாகவே குடித்துவிட்டுக் கிளம்பினார். "அக்கா, பாவம்ங்க அவங்க" என்றேன். "பாவம்தான் கண்ணு. அதுக்கு என்ற மாரையா பாக்கறது?" என்றார்.

இன்னொருத்தர் ஒரு பொடியைக் கொண்டுவந்தார். காலையில் வெறும் வயிற்றில் தின்றால் எந்தக் கட்டியும் கரைந்துவிடுமாம். அக்கா பொடியை வாங்கி மோந்து பார்த்தார். "உங்களுக்குச் சக்கரை வியாதி இருக்குதுங்களே, அது கரைஞ்சுதுங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அவரும் கிளம்பிவிட்டார்.

பிறகு சில வருஷம் நன்றாகத்தான் போனது. தலைமுடி வளர்ந்தது, வேலைக்கு வந்தார், மாத்திரை ஒன்று தினமும். அப்புறம் முதுகு வலித்தது. குனிந்து குனிந்து வயர் சுற்றுகிற எங்கள் எல்லோருக்குமே முதுகு வலிதான். அதனால் பட்டறையில் எல்லோரும் சேர்ந்து அக்காவை எண்ணெய் போட்டுத் தேய்க்கிற வைத்தியரிடம் அனுப்பினோம். எங்கள் பக்கம் எலும்பு, நரம்பு என்றால் முதலில் அங்கேதான் போவது, அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரி. அக்கா அவரிடம் சொல்லியிருக்கிறார்: "எனக்கு மாருல கேன்சர் இருந்துச்சுங்க." அவர், "அது வேற, இது வேறங்கம்மா. இது வாயுப் புடிப்பு" என்று சொல்லிக் காலை இழுத்துவிட்டு, முதுகில் முழங்கையை வைத்து ஏறி அழுத்தியிருக்கிறார். மாசக்கணக்கில் தேய்த்தார்கள். அக்காவும் ஒவ்வொரு தடவையும் சொன்னார், அவரும் ஒவ்வொரு தடவையும் "அது வேற, இது வேற" என்றார்.

வேறல்ல. முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் வந்திருந்தது. ஸ்கேன் எடுத்த அன்றைக்கு நான்தான் கூடப் போயிருந்தேன். ஏழாவதோடு நின்ற எனக்கு அந்தக் காகிதத்தில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை, படத்தில் அங்கங்கே கறுப்பாக இருந்தது மட்டும் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே இளநீர்க்காரர் அக்காவைத் தெரிந்தவர். "என்னங்கம்மா, மறுபடியுமா?" என்றார்.

"ஆமாங்க. எலும்புக்குப் போயிருச்சுங்க."

"அடடா. முன்னாடி மாரு கேன்சர், இப்ப எலும்பு கேன்சருங்களா?"

"இல்லீங்க. எலும்புல இருந்தாலும் மாரு கேன்சர்தானுங்க. பொள்ளாச்சிக்காரன் துபாய்க்கு வேலைக்குப் போனா துபாய்க்காரனாயிருவானுங்களா? அங்க போயும் பொள்ளாச்சிப் புத்தியத்தான காட்டுவான்."

இளநீர்க்காரர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. இளநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அந்த எண்ணெய்க்காரரோட முழங்கை என்ற முதுகுல இன்னும் இருக்குது கண்ணு" என்றார். அன்றைக்குத்தான் அவர் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன். அதுவும் அழுகையாகத் தெரியவில்லை.

அதற்கப்புறம் அக்கா அந்த வியாதியோடு இருந்தார். இதைத்தான் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஒன்று, சரியாகிவிட்டதா என்று கேட்பார்கள். இல்லாவிட்டால், எத்தனை நாள் என்று கண்ணாலேயே கேட்பார்கள். நடுவில் ஒரு ஆள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, மாசா மாசம் எலும்புக்கு ஊசி போட்டுக்கொண்டு, டவுன் பஸ்ஸில் ஏறி வேலைக்கு வந்துகொண்டிருப்பது யார் மனசிலும் நிற்கவில்லை. அந்த ஊசி போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பல்லுகூடப் பிடுங்கக் கூடாதாம். அக்காவுக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோது கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வயர் சுற்றினார். "பல்லுக்கும் பர்மிசன் வாங்கோணும். நல்ல வாழ்க்கை கண்ணு இது" என்றார்.

அவருக்குப் பிடிக்காத ஒரு வார்த்தை உண்டு: "பாத்தா நல்லாத்தான இருக்கறீங்க." முடி கொட்டவில்லை, இளைக்கவில்லை. பஸ்ஸில் யாரும் எழுந்து இடம் கொடுக்க மாட்டார்கள். வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். ஒரு நாள் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் நானே போய்க் கேட்டேன், எப்படித்தான் தைரியம் வந்ததோ. அந்த அம்மா அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்கறாங்க" என்றார். அக்கா குனிந்து, "உக்காருங்க, நீங்களே உக்காருங்க. என்ற எலும்பைக் கழட்டிக் காட்டோணும்னா எறங்கறப்ப காட்டறனுங்க" என்றார். அந்த அம்மா அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார். அது அவருடைய ஸ்டாப்பா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பட்டறை ஓனர் நல்ல மனுசன். "கனம் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கறாங்களாமா. பேசாம ஊட்டுல ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார்.

"சம்பளத்தோடங்களா?" என்று கேட்டார் அக்கா.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மோட்டாரைத் தூக்கி வைக்கிற வேலை மட்டும் எனக்கு வந்தது. தூக்கும்போதெல்லாம் எனக்கும் முதுகில் சுரீர் என்னும். உடனே எனக்கும் வந்துவிட்டதோ என்று ராத்திரியெல்லாம் மாரைத் தடவிப் பார்ப்பேன். அதையும் அக்காவிடம்தான் போய்ச் சொல்வேன். எலும்பெல்லாம் வலியாக இருக்கிற ஒருத்தரிடம் போய் இதைச் சொல்கிறோமே என்று அதற்கும் சேர்த்து வெசனப்படுவேன்.

"உங்களுக்குப் பயமா இல்லீங்களாக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

வயரை வெட்டுகிற கையை நிறுத்திவிட்டு யோசித்தார். "இருக்குது கண்ணு. ஆனா அதை உன்னாட்டம் வெசனமா வெச்சுக்கத் தெரியல. எனக்குக் கோவமாத்தான் வருது."

தொடையெலும்பு அரித்துப்போய் மெலிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னது அதற்குப் பிறகு. தானாக ஒடிவதற்குள் உள்ளே ஒரு ராடு வைத்துவிட்டால் நடந்துகொண்டிருக்கலாம். ஒடிந்தபின் வைத்தால் நடப்பது கஷ்டம். காப்பீட்டு அட்டையில் ஒரு பங்கு கழிந்தது, மிச்சத்தைக் கட்ட வேண்டும். பட்டறையில் ஏற்கனவே அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லித்தான் அந்தச் சங்கத்துத் தலைவியம்மா அக்கா வீட்டுக்கு வந்தார். காட்டன் புடவை, மெதுவான பேச்சு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தரையில் பாய் விரித்ததும் தயங்காமல் உட்கார்ந்தார்.

"பணத்துக்கு நான் ஏற்பாடு பண்றேன்ங்க. எங்க விழாவுல நீங்க மேடைல வந்து, 'நான் கேன்சரை ஜெயிச்சுட்டேன்'னு ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்."

"இது ஜெயிக்கறதில்லீங்களே. கூட வெச்சுட்டு இருக்கறதுங்க."

"எனக்குத் தெரியும்ங்க. ஆனா எலும்புக்குப் போயிருச்சு, இனிக் குணமாகாதுன்னெல்லாம் சொன்னா பிள்ளைங்க பயந்துருவாங்க. டெஸ்ட் எடுக்கவே வர மாட்டாங்க. நாலு பேருக்குத் தைரியம் வரட்டுமே."

அவர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது எனக்கு. அக்காவின் வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே, "ஏம் புள்ள, ஒரு வார்த்தைதான. சொல்லிப்போட்டு வந்தர்லாம். காலு நிக்கும்" என்றார். அவர் தச்சுவேலைக்குப் போகிறவர், அதிகம் பேச மாட்டார். அந்த மனுசன் கெஞ்சி அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா அவரைப் பார்த்தார். "சரிங்க. சொல்லிப்போடறேன்" என்றார்.

சொல்வதற்காகத்தான் போனார். இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். ஆட்டோவில் போகும்போதுகூட, "நான் கேன்சரை ஜெயிச்சுட்டேன், நான் கேன்சரை ஜெயிச்சுட்டேன்" என்று சொல்லிப் பார்த்து, "பொம்மை பேசறாப்பல இருக்குதா கண்ணு?" என்று கேட்டார்.

முதலில் முதலாளி கையால் ஆளுயரத்துக்கு ஒரு அட்டைச் செக்கை அக்காவிடம் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். தலைவியம்மா தொகையைச் சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள். நிஜச் செக்கை மறுநாள் ஆபீசில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு வரிசையில் இருந்த மற்ற மூன்று பேரும் ஒவ்வொருத்தராக எழுந்து நின்று பேசினார்கள். அவர்கள் நிஜமாகவே சரியானவர்கள், நன்றாகப் பேசினார்கள். கடைசியில் அக்கா. அக்காவால் எழ முடியவில்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. நாற்காலிக் கையை ஊன்றிப் பார்த்தார். மைக் பிடித்த பெண், சின்னப் பெண்தான், குறும்பாகச் சிரித்துக்கொண்டு, "கேன்சரையே ஜெயிச்சுட்டீங்க, எந்திரிச்சு நிக்க மாட்டீங்களா? எல்லாரும் கை தட்டுங்க, அம்மா எந்திரிச்சுருவாங்க!" என்றது. மண்டபமே கை தட்டியது. தாளம் போட்டுத் தட்டினார்கள்.

பக்கத்தில் அக்காவின் வீட்டுக்காரர், "ஐயோ" என்றார். அவருக்கும் அக்காவைத் தெரியுமே.

அக்கா மைக்கைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"கை தட்டறதை நிறுத்திக்குங்க கண்ணுங்களா. நான் ஜெயிக்கலீங்க. ஜெயிச்சவங்க இந்த மூணு பேருங்க, அவங்களுக்குத் தட்டுங்க. என்னுது எலும்புக்குப் போயிருச்சுங்க. முதுகுல இருக்குது, இடுப்புல இருக்குது, தொடைல இருக்குது. அதனால எந்திரிக்க முடியலீங்க. கை தட்டுனா எலும்பு ஒட்டிக்காதுங்க. நான் தோக்கவும் இல்லீங்க. மாத்திரை தின்னுட்டு, ஊசி போட்டுட்டு, மோட்டாருக்கு வயர் சுத்தீட்டு இருக்கறேன். போற வரைக்கும் இப்படித்தானுங்க இருப்பேன். என்னாட்டம் இருக்கறவங்க நெறையப் பேரு இருக்கறாங்க. அவங்களையெல்லாம் நீங்க மேடைல ஏத்தறதில்ல, ஏன்னா அவங்களுக்கு நிக்க முடியாதுங்க."

தலைவியம்மா எழுந்து பக்கத்தில் வந்தார். அக்கா மைக்கை அந்தப் பக்கமாக மாற்றிக்கொண்டார்.

"பயப்படாதீங்க. மாருல கட்டி தட்டுப்பட்டா ஓடிப்போய்க் காட்டுங்க. இது வந்து போனவங்களுக்கு முதுகு வலிச்சா எண்ணெய் போட்டுத் தேய்க்காதீங்க. எனக்கு முன்னாடி இது இருந்துச்சுங்கன்னு டாக்டர் காதுல ஏர்ற மாதிரி சத்தமாச் சொல்லுங்க. அவ்வளவுதானுங்க. வாரனுங்க."

டாக்டர் செல்போனைப் பார்த்தார். முதலாளி தலைவியம்மாவைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் மட்டும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பிறகு பாட்டுப் போட்டுக் காலேஜ் பிள்ளைகள் டான்ஸ் ஆடினார்கள். நாங்கள் அக்காவைக் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்தபோது ஒருத்தர் ஓடிவந்து அட்டைச் செக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த விழாவுக்கு வேண்டுமாம்.

மறுநாள் ஆபீசில் நிஜச் செக் இல்லை. "முதலாளிக்குக் கொஞ்சம் மனசு சங்கடம்ங்க. கமிட்டில வெச்சுட்டுச் சொல்லியனுப்பறோம்" என்றார்கள். அக்காவின் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து உளியையும் சுத்தியலையும் தூக்கி மூலையில் எறிந்தார். "ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை உன்ற வாயில வரலியா?"

"வந்துச்சுங்க. சொல்லத்தான் இருந்தேன். கை தட்டி என்னை எழுப்பப் பாத்தாங்க பாருங்க, அப்பத்தான் போயிருச்சுங்க" என்றார் அக்கா. வீட்டுக்காரரிடம் வரிக்கு மூன்று "ங்க" போட்டு அவர் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். ஆனால் அன்றைக்கு அதில் கோபம் இல்லை.

செக் வரவில்லை. ராடு வைக்கவில்லை. காசில்லாமல் செய்கிற பெரியாஸ்பத்திரியில் பேர் எழுதிவிட்டு முறைக்காகக் காத்திருந்தோம். ஒரு நாள் காலையில் குழாயடியில் கை கழுவிவிட்டுத் திரும்பினார். குடம் தூக்கவில்லை, வழுக்கி விழவில்லை. திரும்பினார், அவ்வளவுதான். தொடையெலும்பு ஒடிந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். ஆனால் எங்கள் பட்டறை ஸ்டூலில் அக்கா அதற்கப்புறம் உட்காரவில்லை.

படுக்கையில் இருந்தபோதுதான் அந்தக் காலண்டர் வந்தது. சங்கம் அச்சடித்த புது வருஷக் காலண்டர், மெடிக்கல் ஷாப்பில் கொடுத்தார்கள். மாசத்துக்கு ஒரு படம். ஒரு மாசத்தில் அக்கா, கையில் ஆளுயரச் செக், கீழே "வென்று காட்டியவர்" என்று எழுத்து. எனக்குக் காட்ட மனசில்லை. அக்கா பிடுங்கிப் பார்த்தார்.

"காசும் குடுக்கல, ஜெயிச்சதாவும் எழுதிப்போட்டாங்க" என்றார். காலண்டரை மடித்து என் கையில் கொடுத்தார். "நீ எனக்கு ஒரு காரியம் பண்ணு கண்ணு. ஆனைமலைக்குப் போ. மாசாணி ஆத்தாளுக்கு மொளகா அரைச்சுப் பூசிட்டு வா."

திருட்டுக் கொடுத்தவர்களும் ஏமாந்தவர்களும்தான் அங்கே போய் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். செய்தவனுக்கு உடம்பெல்லாம் எரியும் என்பார்கள். வேண்டுதலில் தப்பு இருந்தால் பூசினவருக்கே திரும்பும் என்றும் சொல்வார்கள். எனக்கு எதுவுமே திரும்பித்தான் வரும்.

"யாருக்கு என்ன ஆகோணும்னுங்கக்கா வேண்டறது? அந்தத் தலைவியம்மாவுக்கா, முதலாளிக்கா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆக வேண்டாம். கையி காலு போகோணும்னு கேட்டுப்போடாதே. காலு போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். காசை மட்டும் கேளு. சொன்ன காசு, மேடைல கை தட்டுன காசு. ஆத்தாளுக்குப் புரியும், அவளும் என்னாட்டம் படுத்துட்டுத்தான இருக்கறா."

அந்த மாசமே அக்கா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்ததும் அவர் வீட்டுக்காரரிடம் ஆனைமலைக்குப் போகிறேன் என்றேன். "அவளே போயிட்டா. இனிக் காசு வந்து எந்தக் காலுக்கு ராடு போடறது? விடும்மா" என்றார். விட முடியவில்லை. பொள்ளாச்சி போய் பஸ் மாறிப் போனேன். பஸ் கவிழ்ந்துவிடுமோ, பர்ஸ் போய்விடுமோ, கோயில் சாத்தியிருக்குமோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். கோயில் திறந்துதான் இருந்தது. ஆத்தா காலை நீட்டிப் படுத்திருந்தாள். மிளகாயை வாங்கிக் கல்லில் போட்டு அரைத்தேன். கண்ணெல்லாம் எரிந்தது, கை முழங்கை வரைக்கும் எரிந்தது. பக்கத்தில் ஒரு அம்மா அரைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் கயிறு மட்டும் இருந்தது.

"என்னுது தாலிக்கொடிங்க, அறுத்துட்டுப் போயிட்டான். உங்குளுது நகைங்களா, நெலங்களா?" என்று கேட்டார்.

"ஒரு அக்காவுக்கு வரவேண்டிய காசுங்க" என்றேன்.

"அவங்க வரலீங்களா?"

"அவங்க இல்லீங்க."

அந்த அம்மா என் மிளகாயில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டார். நான் விழுதை வழித்து எடுத்துக்கொண்டு போய்க் கல்லில் பூசினேன். யார் பேரையும் சொல்லவில்லை, யாருக்கும் எரிய வேண்டும் என்று கேட்கவில்லை. சத்தமாக, ஆத்தா காதில் ஏறுகிற மாதிரி, வரவேண்டியதை மட்டும் சொன்னேன்: எழுபத்தைந்தாயிரம் ரூபாய்.